மாவு பொங்கும்வரை: தொழிற்சங்கம் எப்படி இயங்குகிறது?

"சங்கம் வைத்தால் வேலை போய்விடுமா?"

டீ இடைவேளையில் நாலு பேர் கூடி இந்தப் பேச்சை எடுத்ததும் முதலில் கிளம்பும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், வண்டிக்குக் கட்ட வேண்டிய தவணை எல்லாம் அந்தச் சம்பளத்தை நம்பித்தான் இருக்கின்றன. அதனால் "பயப்படாதே, பார்த்துக்கொள்ளலாம்" என்று தோளில் தட்டிவிட்டுப் போவதில் பயனில்லை. எந்தக் கட்டத்தில் சட்டம் நமக்கு எந்த அளவு துணை நிற்கிறது என்று தெரிந்துகொள்வதுதான் பயன்.

சட்டப் புத்தகத்தைத் திறந்தால் பிரிவு, உட்பிரிவு, அட்டவணை என்று தலை சுற்றும். ஆனால் சங்கம் உருவாகும் விதம், வீட்டில் இட்லிக்கு மாவு போடுகிற விதம்தான். ஊறப்போடுகிறோம், அரைக்கிறோம், உப்புப் போட்டுக் கரைக்கிறோம், இரவெல்லாம் புளிக்க விடுகிறோம், காலையில் ஊற்றி வேகவைக்கிறோம். ஒன்றைத் தாண்டி அடுத்ததற்குப் போக முடியாது. ஒவ்வொரு கட்டத்துக்கும் சட்டத்தில் ஒரு காப்பு உண்டு. எது எப்போது கிடைக்கும் என்பதில்தான் பலரும் குழம்பிப்போகிறார்கள்.

ஊறப்போடுவது

முதலில் அரிசியும் உளுந்தும் ஊற வேண்டும். சங்கத்தில் இது பேசிப் பேசி ஆள் சேர்க்கும் காலம். ஷிப்ட் முடிந்து பஸ் ஏறும் இடத்தில், ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் வீட்டு மாடியில், இப்படித்தான் தொடங்கும். பதிவு எண் கிடையாது. சங்கத்துக்குப் பெயர்கூட முடிவாகியிருக்காது.

ஆனால் உரிமை அப்போதே இருக்கிறது. அரசியலமைப்புச் சட்டத்தின் 19(1)(சி) பிரிவு, சங்கம் அமைப்பதை அடிப்படை உரிமையாக வைத்திருக்கிறது. அதற்கு நிர்வாகத்தின் அனுமதி வேண்டியதில்லை. "எங்களிடம் கேட்காமல் எப்படிக் கூடினீர்கள்?" என்று மேனேஜர் கேட்டால், கேட்க வேண்டிய அவசியம் சட்டத்தில் இல்லை என்பதுதான் பதில்.

யார் சேரலாம்? தொழிலிலோ வணிகத்திலோ வேலைக்கு இருக்கும் எவரும் சேரலாம். நிரந்தரத் தொழிலாளியும் சேரலாம், காண்ட்ராக்ட் தொழிலாளியும் சேரலாம். ஐ.டி. நிறுவனங்களுக்கும் தொழிலாளர் சட்டங்கள் பொருந்தும், அங்கே வேலை செய்பவர்களும் சங்கம் வைக்கலாம் என்று தமிழக அரசு 2016இல் தெளிவுபடுத்தியது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். சங்கத்தில் சேரும் உரிமை இப்படி அகலமானது. ஆனால் பின்னால் தகராறு என்று வந்தால், மேலாளர் வேலையில் இருப்பவர்களும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர்களும் தொழிலாளி என்ற வரையறைக்குள் வரமாட்டார்கள். சூப்பர்வைசராகப் பதவி உயர்வு கொடுத்துச் சங்கத்து ஆளை வெளியே எடுப்பது பழைய உத்தி. பதவியின் பெயர் எதுவானாலும், உண்மையில் செய்கிற வேலை என்ன என்பதைத்தான் தொழில் தீர்ப்பாயம் பார்க்கும்.

இங்கே சட்டத்தைப் பற்றி ஒரு தகவல். 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம், 1946ஆம் ஆண்டின் நிலையாணைச் சட்டம், 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம் ஆகிய மூன்றையும் ஒன்றாக்கி 2020இல் தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம் வந்தது. அது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. பழைய சட்டத்தில் பதிவான சங்கங்கள் புதிய சட்டத்தில் மறுபடி பதிவு செய்ய வேண்டியதில்லை. படிவங்களையும் கட்டணத்தையும் மாநில விதிகள்தான் தீர்மானிக்கும். அதனால் விண்ணப்பம் போடும் முன் தொழிலாளர் துறை அலுவலகத்தில் நேரில் போய்க் கேட்டு, நடைமுறையில் இருக்கும் படிவத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.

அளவும் உப்பும்

நாலுக்கு ஒன்று என்று அரிசி உளுந்துக்குக் கணக்கு இருப்பதுபோல, ஆள் எண்ணிக்கைக்கும் கணக்கு உண்டு. விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட குறைந்தது 7 பேர் வேண்டும். அதோடு, அந்த நிறுவனத்திலோ தொழிலிலோ வேலை செய்பவர்களில் 10 சதவீதம் பேர் அல்லது 100 பேர், இரண்டில் எது குறைவோ அத்தனை பேர் சங்க உறுப்பினராக இருக்க வேண்டும். 300 பேர் வேலை செய்யும் ஆலையில் 30 உறுப்பினர் போதும். 1,500 பேர் இருந்தால் 10 சதவீதம் 150 ஆகும். ஆனால் 100 அதைவிடக் குறைவு என்பதால் 100 போதும். 40 பேர் மட்டும் வேலை செய்யும் சின்னப் பட்டறையில் 10 சதவீதம் 4 பேர்தான். அங்கே 7 என்ற அடிமட்டக் கணக்கு வேலை செய்யும்.

இப்போது அதிகம் பேர் கவனிக்காத ஒரு நுணுக்கம். விண்ணப்பம் கொடுத்த பிறகு, பதிவு ஆவதற்குள், கையெழுத்துப் போட்டவர்களில் சிலர் "எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? பாதிப் பேர் வரை விலகினாலும் விண்ணப்பம் செல்லும். பாதியைத் தாண்டினால் விழுந்துவிடும். சரியாக 7 பேர் மட்டும் கையெழுத்துப் போட்டிருந்தால், 4 பேரை வீட்டுக்குப் போய் மிரட்டினால் நிர்வாகத்தின் வேலை முடிந்தது. அதுவே 25 பேர் கையெழுத்துப் போட்டிருந்தால் 13 பேரைக் கலைக்க வேண்டும். உளுந்தில் கஞ்சத்தனம் பண்ணினால் மாவு எழும்பாது. ஆகவே 7 என்பதைக் கடைசி எல்லையாக மட்டும் வைத்துக்கொண்டு, முடிந்த வரை கூடுதல் கையெழுத்து வாங்குங்கள்.

அடுத்து உப்பு. உப்பில்லாத மாவு எவ்வளவு பொங்கினாலும் வாயில் வைக்க முடியாது. சங்கத்தின் உப்பு அதன் துணைவிதிகள். சங்கத்தின் பெயர், நோக்கம், சந்தா எவ்வளவு, யார் உறுப்பினராகலாம், நிர்வாகிகளை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படி நீக்குவது, பணத்தை யார் வைத்திருப்பது, கணக்கை யார் தணிக்கை செய்வது, சங்கத்தை எப்படிக் கலைப்பது என்று சட்டம் கேட்பவை எல்லாம் அதில் இருக்க வேண்டும். இதை வேறொரு சங்கத்திடமிருந்து வாங்கி ஜெராக்ஸ் எடுத்துப் பெயரை மட்டும் மாற்றுவது சுலபம்தான். ஆனால் நிர்வாகியை நீக்கும் விதியையும் பணத்தைத் தொடும் விதியையுமாவது உட்கார்ந்து வரிவரியாகப் படியுங்கள். சங்கங்கள் உள்ளுக்குள் உடைவது பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களில்தான்.

பிறகு பொதுக்குழு. ஒரு நீள மினிட் நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே தேதி, இடம், கூட்டத்துக்குத் தலைமை வகித்தவர் பெயர். கீழே தீர்மானங்கள்: இந்தப் பெயரில் சங்கம் அமைப்பது, துணைவிதிகளை ஏற்பது, நிர்வாகிகளைத் தேர்ந்தெடுப்பது, இன்னார் இன்னார் பதிவுக்கு விண்ணப்பிக்க அதிகாரம் தருவது. அதற்கும் கீழே வந்தவர்களின் பெயர், டோக்கன் எண், பிரிவு, கையெழுத்து. சந்தா வாங்கினால் அங்கேயே ரசீது போட்டு அடிக்கட்டையைப் பத்திரப்படுத்துங்கள். "உங்களுக்கு 100 உறுப்பினர் இருக்கிறார்கள் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று பின்னால் யாராவது கேட்கும்போது, அந்த அடிக்கட்டையும் ஆளுக்கொரு சம்பளச் சீட்டு நகலும்தான் பேசும்.

வெளியாட்கள் நிர்வாகிகளாக இருக்கலாமா? இருக்கலாம். ஆனால் மொத்த நிர்வாகிகளில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 5 பேர், எது குறைவோ அதற்கு மேல் கூடாது. அமைப்புசாராத் துறைச் சங்கமானால் பாதி வரை இருக்கலாம். "வெளியாள் வந்து கெடுக்கிறான்" என்று சொல்பவர்களுக்கு இந்தக் கணக்கையே பதிலாகக் காட்டலாம்.

மூடி வைத்த இரவு

கரைத்த மாவை மூடி வைத்தாகிவிட்டது. இனி அடுப்படியில் நமக்கு வேலை இல்லை; காத்திருக்க வேண்டியதுதான். விண்ணப்பம் சங்கப் பதிவாளரின் மேசையில் இருக்கும் காலம் இதுதான். அவர் கூடுதல் விவரம் கேட்கலாம். ஏற்கெனவே பதிவான வேறொரு சங்கத்தின் பெயரைப்போல இருந்தால் மாற்றச் சொல்லலாம். சட்டம் கேட்பவை எல்லாம் சரியாக இருந்தால் பதிவு செய்தாக வேண்டும். மறுத்தால் மேல்முறையீட்டுக்கு வழி உண்டு.

இந்த இரவு சில சமயம் மிக நீண்டுவிடும். ஸ்ரீபெரும்புதூர் அருகே சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 2024இல் சங்கப் பதிவுக்கு விண்ணப்பித்தார்கள். சங்கத்தின் பெயரில் 'சாம்சங்' என்று வருவதற்கு நிறுவனம் ஆட்சேபம் தெரிவித்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 9 அன்று தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் நீடித்தது. பதிவு விவகாரம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஆறு வாரத்தில் முடிவெடுக்க வேண்டும் என்று டிசம்பரில் நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரி கடைசியில் பதிவுச் சான்றிதழ் கிடைத்தது. சட்டம் தெளிவாக இருக்கும் ஒரு விஷயத்துக்கே இத்தனை மாதம் ஆனது.

சங்கத்தின் வாழ்வில் இந்தக் காத்திருப்பைவிட ஆபத்தான காலம் கிடையாது. யார் யார் முன்னால் நிற்கிறார்கள் என்று நிர்வாகத்துக்குத் தெரிந்துவிட்டது. சான்றிதழ் இன்னும் வரவில்லை. அப்போதுதான் ஒருவருக்கு வெளி மாநிலக் கிளைக்கு டிரான்ஸ்பர் வரும். இன்னொருவருக்கு மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு சின்னத் தவறுக்காகச் சார்ஜ் மெமோ வரும். மற்றவர்களுக்குத் திடீரென்று சம்பள உயர்வு வரும். நிர்வாகமே கூட்டி வைத்த ஒரு கமிட்டி முளைக்கும். "இதில் சேருங்கள், எல்லாம் பேசிக்கொள்ளலாம்" என்பார்கள்.

மாவுப் பாத்திரத்தை நாம் திறந்து வைப்பதில்லை. ஒரு தட்டையாவது போட்டு மூடுகிறோம். அந்தத் தட்டு சட்டத்தில் இருக்கிறது. தொழிலுறவுத் தொகுப்புச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணையில் 'நியாயமற்ற தொழிலாளர் நடைமுறைகள்' என்று ஒரு பட்டியல் உண்டு. தொழில் தகராறுச் சட்டத்தில் இதுவே ஐந்தாவது அட்டவணையாக இருந்தது. சங்கம் அமைப்பதில், சேர்வதில், அதற்கு உதவுவதில் தலையிடுவது, மிரட்டுவது முதல் குற்றம். சங்க வேலை நடக்கும் நேரம் பார்த்து அதைக் கெடுப்பதற்காகச் சம்பளம் கூட்டுவது, நிர்வாகமே சங்கம் வைத்து நடத்துவது, நிர்வாகக் காரணம் என்ற போர்வையில் பழிவாங்கலாக இடம் மாற்றுவது, பழிவாங்கலாக வேலைநீக்கம் செய்வது, பதிலித் தொழிலாளிகளையும் தற்காலிகத் தொழிலாளிகளையும் ஆண்டுக்கணக்கில் அப்படியே வைத்து நிரந்தர உரிமையை மறுப்பது, எல்லாம் அதில் இருக்கின்றன. அபராதம் 10,000 ரூபாயிலிருந்து 2 லட்சம் வரை. பெரிய நிறுவனத்துக்கு அது பெரிய தொகை கிடையாது. ஆனால் வேலைநீக்கம் பழிவாங்கல்தான் என்று தீர்ப்பாயத்தில் நிரூபித்தால் வேலையே திரும்பக் கிடைக்க வழி உண்டு. அதனால் இந்தப் பட்டியலின் பலத்தை அபராதத்தை வைத்து எடைபோட வேண்டாம்.

முக்கியமானது இது: இந்தக் காப்பு பதிவுச் சான்றிதழுக்காகக் காத்திருப்பதில்லை. சங்கம் 'அமைப்பது' என்ற சொல்லே அந்தப் பட்டியலில் இருக்கிறது. அமைப்பது பதிவுக்கு முன்னால் நடக்கும் வேலை. பஸ் ஸ்டாப்பில் நாலு பேர் பேசிய நாளிலிருந்தே அது பொருந்தும். இதைத் தெரியாமல், "பதிவாகும்வரை நாம் அனாதைகள்" என்று நினைத்து விலகிப்போனவர்கள் எத்தனையோ பேர்.

ஆனால் காப்பு தானாக ஓடி வராது, ஆதாரம் வேண்டும். யார், எந்தத் தேதியில், எந்த இடத்தில், என்ன சொன்னார்கள் என்று அன்றன்றே ஒரு நோட்டில் எழுதுங்கள். டிரான்ஸ்பர் உத்தரவு, மெமோ, வாட்ஸ்அப் தகவல் எதையும் அழிக்காதீர்கள். தொழிலாளர் துறைக்கு எழுத்தில் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். வேலையை விட்டே நீக்கிவிட்டால், சங்கம் துணைக்கு வராவிட்டாலும் தனியாளாகவே தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் தகராறு எழுப்பலாம். நம் ஊரில் '2(ஏ) மனு' என்று சொல்லிப் பழகியது இதுதான். பழைய சட்டத்தில் அதற்கு 3 ஆண்டு அவகாசம் இருந்தது. புதிய சட்டத்தில் 2 ஆண்டுதான், தள்ளிப்போட வேண்டாம்.

நம் பக்கத்துக்கும் இதே அட்டவணையில் ஒரு பட்டியல் இருக்கிறது. சேர மறுப்பவரை மிரட்டிச் சேர்ப்பதும், வேலைக்குப் போகிறவரைத் தடுத்து அடிப்பதும், அதிகாரியைச் சுற்றி வளைத்து அடைத்து வைப்பதும் அதில் வரும்.

மாவு பொங்கிவிட்டது

சான்றிதழ் கைக்கு வந்ததும் சங்கம் சட்டத்தின் பார்வையில் ஒரு தனி ஆள் ஆகிவிடுகிறது. தன் பெயரில் சொத்து வாங்கலாம், வழக்குப் போடலாம். தலைவர் மாறினாலும் சங்கம் மாறாது. இன்னும் இரண்டு காப்புகள் இப்போதுதான் கிடைக்கின்றன. அவை ஏன் வந்தன என்பது சென்னைப் பெரம்பூரில் நடந்த கதை.

1918 ஏப்ரல் 27 அன்று, பெரம்பூரில் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் முன்கை எடுத்தார்கள், பி.பி. வாடியா தலைவரானார், திரு.வி.க. தோள் கொடுத்தார். மத்தியானம் சாப்பிடக் கொடுத்த நேரம் போதவில்லை என்பது அவர்கள் முதலில் எடுத்த குறைகளில் ஒன்று. 1920இல் கதவடைப்பு வந்தபோது, நிர்வாகம் வாடியா மேலும் மற்றவர்கள் மேலும் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. தொழிலாளிகளை வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார்கள், அதனால் நட்டஈடு தர வேண்டும் என்பது வழக்கு. நீதிமன்றம் தடை உத்தரவு கொடுத்தது. அதாவது, "வேலைக்குப் போகாதே" என்று ஒரு தொழிலாளியிடம் சொல்வதற்கே வீடு வாசலை இழக்கும் நிலை. கடைசியில் வாடியா தொழிற்சங்க வேலையிலிருந்து விலகுவது என்ற நிபந்தனையின் பேரில் வழக்கு முடிந்தது. இந்த அநியாயம் நாடு முழுக்கப் பேசப்பட்டது. தொழிற்சங்கத் தலைவர் என்.எம். ஜோஷி 1921இல் மத்திய சட்டசபையில் தொழிற்சங்கச் சட்டம் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். 1926இல் சட்டம் நிறைவேறியது.

அதனால்தான் அந்தச் சட்டத்தில், தொழில் தகராறை ஒட்டிச் செய்த செயல் வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டியது என்ற ஒரே காரணத்துக்காகப் பதிவான சங்கத்தின் மேலோ நிர்வாகி, உறுப்பினர் மேலோ நட்டஈட்டு வழக்குப் போட முடியாது என்று எழுதினார்கள். சங்கத்தின் நோக்கத்துக்காகக் கூடி முடிவெடுத்ததையே குற்றச்சதி என்று பிடிக்க முடியாது என்றும் எழுதினார்கள். இரண்டும் 2020 சட்டத்திலும் தொடர்கின்றன. அடிதடிக்கும் சொத்தை உடைப்பதற்கும் இந்தக் காப்பு கிடையாது.

இன்னொன்றும் பதிவுக்குப் பிறகு கிடைக்கும். நிர்வாகிகளில் சிலரைப் 'பாதுகாக்கப்பட்ட தொழிலாளி' என்று அறிவிக்கக் கேட்கலாம். மொத்தத் தொழிலாளர்களில் 1 சதவீதம் பேர்; குறைந்தது 5, அதிகபட்சம் 100. தகராறு நிலுவையில் இருக்கும்போது இவர்களை வேலைநீக்கம் செய்ய வேண்டுமானால், தகராறு எந்த அதிகாரியின் முன் இருக்கிறதோ அவரிடம் நிர்வாகம் முன்கூட்டியே எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும்.

வேகவைப்பது

பொங்கிய மாவை அப்படியே சாப்பிட முடியாது. பதிவு வேறு, அங்கீகாரம் வேறு. சங்கம் பதிவானதாலேயே நிர்வாகம் மேசையில் உட்கார்ந்து பேச வேண்டும் என்ற கட்டாயம் 1926 சட்டத்தில் இல்லை. சங்கம் அமைக்கும் உரிமைக்குள்ளேயே பேரம் பேசும் உரிமையும் வேலைநிறுத்த உரிமையும் அடிப்படை உரிமையாக அடங்கிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 1961இலேயே சொல்லிவிட்டது. மகாராஷ்டிரம் 1971இல் அங்கீகாரத்துக்கென்றே தனிச் சட்டம் போட்டது. தமிழ்நாட்டில் அப்படி ஒன்று வரவில்லை.

புதிய சட்டம் இதற்கு ஓர் இட்லித் தட்டு கொடுத்திருக்கிறது. ஒரே சங்கம் இருந்தால், விதிகளுக்கு உட்பட்டு அதுவே பேச்சுவார்த்தைச் சங்கம். பல சங்கங்கள் இருந்தால், வருகைப் பதிவேட்டில் உள்ள தொழிலாளர்களில் 51 சதவீத ஆதரவு உள்ள சங்கம் மட்டும் பேசும். யாருக்கும் 51 இல்லாவிட்டால் பேச்சுவார்த்தைக் குழு. ஒவ்வொரு 20 சதவீதத்துக்கும் ஒரு குழி, அதாவது குழுவில் ஓர் இடம். 1,000 பேர் உள்ள ஆலையில் ஒரு சங்கத்துக்கு 450 பேர், இன்னொன்றுக்கு 300, மூன்றாவதுக்கு 150 என்று வையுங்கள். முதல் இரண்டு சங்கங்களுக்கும் குழுவில் இடம் உண்டு. மூன்றாவது 20ஐத் தொடாததால் அதற்கு இடமே இல்லை. சின்னச் சங்கங்களுக்கு இது அநீதி என்றே நினைக்கிறேன். 150 பேரின் குரல் மேசைக்கு வரவே வராது. காண்ட்ராக்ட் தொழிலாளர்களின் பெயர் ஒப்பந்ததாரரின் பதிவேட்டில் இருப்பதால், ஆலையின் பதிவேட்டை வைத்துப் போடும் இந்தக் கணக்கில் அவர்கள் விடுபட்டுப்போகும் ஆபத்தும் இருக்கிறது.

பேச்சு முறிந்தால் வேலைநிறுத்தம். இங்கே தீயைச் சட்டென்று கூட்ட முடியாது. முன்பு பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டும் இருந்த முன்னறிவிப்புக் கட்டாயம் இப்போது எல்லாத் தொழிலுக்கும் வந்துவிட்டது. நோட்டீஸ் கொடுத்து 14 நாள் பொறுக்க வேண்டும்; கொடுத்த 60 நாளுக்குள் நடத்த வேண்டும்; சமரசப் பேச்சு நடக்கும்போதும், அது முடிந்து 7 நாள் வரையும் கூடாது. பாதிப் பேர் ஒரே நாளில் சொல்லிவைத்துத் தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தக் கணக்கில் சேரும். மீறினால் தொழிலாளிக்கு 1,000 முதல் 10,000 ரூபாய் வரை அபராதமோ ஒரு மாதம் வரை சிறையோ. தொழிலாளியின் கையில் இருந்த கடைசி ஆயுதத்தை இது மழுங்கடித்துவிட்டது என்று தொழிற்சங்கங்கள் எதிர்க்கின்றன. அந்த எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது. கதவடைப்புச் செய்ய நிர்வாகத்துக்கும் இதே 14 நாள் நோட்டீஸ் உண்டு.

ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளில், யார் முன்னிலையில் கையெழுத்தாகிறது என்று பாருங்கள். இருதரப்பும் தனியாக உட்கார்ந்து போட்டால் (பழைய பெயரில் '18(1) ஒப்பந்தம்') கையெழுத்திட்ட தரப்புகளை மட்டும் கட்டுப்படுத்தும். சமரச அதிகாரி முன் போட்டால் ('12(3) ஒப்பந்தம்') சங்கத்தில் இல்லாதவருக்கும், நாளை வேலைக்குச் சேரப்போகிறவருக்கும் சேர்த்தே பொருந்தும். புதிய சட்டத்தில் பிரிவு எண்கள் மாறினாலும் வேறுபாடு அப்படியே இருக்கிறது.

இதெல்லாம் நடக்கும்போது பொருளாளர் செய்ய வேண்டிய ஒரு வேலை உண்டு. ஒவ்வோர் ஆண்டும் தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கும், நிர்வாகிகள் மாறியிருந்தால் அந்த விவரமும் பதிவாளருக்குப் போக வேண்டும். அரசியல் செலவுக்குத் தனி நிதி; அதில் பணம் போடும்படி எந்த உறுப்பினரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. உறுப்பினர் எண்ணிக்கையும் அந்த 10 சதவீதம் அல்லது 100 என்ற அளவுக்குக் கீழே இறங்கக் கூடாது. கணக்குக் கொடுக்காமல் பதிவை இழக்கும் சங்கங்கள் இருக்கின்றன. ஆண்டுக் கணக்கு கொடுக்க வேண்டிய தேதியைத் துறை அலுவலகத்தில் கேட்டு, மினிட் நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.